ஃபைனல் அன்றைக்கு அடித்த மணி

"நிக்காத ரஞ்சிதா, ஓடு! எனக்காகப் பாக்காத!"

கோகிலா கத்தி முடிப்பதற்குள் ரஞ்சிதா சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியாகிவிட்டிருந்தாள். கீழே, மலையை மடித்து மடித்து இறங்கும் தார் ரோட்டில், மினி பஸ்ஸின் மஞ்சள் கூரை ஒரு கொண்டை ஊசி வளைவை முடித்துக்கொண்டு அடுத்ததற்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ரோடு சுற்றி வரும், ஒற்றையடிப் பாதை நேராக விழும். பஸ் அந்த வளைவை எட்டுவதற்கு முன்னால் ரஞ்சிதா பாதையின் அடியில் போய் நின்றுவிட்டால் போதும். நிற்காவிட்டால், நாளைக் காலை சேலத்தில் நடக்கும் விளையாட்டு விடுதித் தேர்வில் அவள் பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் இருக்காது. கருங்காட்டுப்பட்டியிலிருந்து கீழே போக அன்றைக்கு அந்த ஒரு பஸ்தான். மறுநாள் காலை பஸ் சேலம் போய்ச் சேர்வதற்குள் ஓட்டப் பந்தயமே முடிந்து மைதானத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

கோகிலாவின் தோளில் ரஞ்சிதாவின் பை. கையில் சொந்தச் செருப்பு. சேலைத் தலைப்பு இடுப்பில். ராசிபுரத்தில் பிறந்து வளர்ந்த காலுக்கு இந்தச் சரிவு புதுசு. மிளகுக் கொடியைப் பிடித்தாள், அது கையோடு வந்தது. மரத்தைப் பிடித்தாள். சறுக்கி உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் ஓடினாள்.

மணி மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால்!

எல்லாம் காலையில் பள்ளிக்கூட கேட்டில் ஆரம்பித்தது.

பொறுப்புத் தலைமையாசிரியை ஆகி ஒரு மாதம்கூட ஆகாத கோகிலா, உள்ளே நுழையும்போதே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் சென்றாயன். டீக்கடைக்காரர், பெற்றோர் குழுத் தலைவர். ஊரிலேயே பெரிய டிவி அவர் கடையில்தான்.

"ஏனுங்க டீச்சர், ஒலகக் கோப்பை ஃபைனலுங்க. இன்னைக்கு ஒரு நாளு மத்தியானத்தோட உட்டுட்டா என்னங்க கொறஞ்சு போகுது?"

"பாடம் கொறஞ்சு போகுதுங்க."

"பாடம் நாளைக்கும் இருக்குமுங்க. ஃபைனல் நாளைக்கு இருக்குமுங்களா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கோகிலாவுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவளுக்கும் கிரிக்கெட் பைத்தியம் உண்டு. முந்தின நாள் இரவு மொட்டை மாடியில் சிக்னல் தேடி நின்றுதான் அரையிறுதி ஆட்டத்தின் துண்டுக் காட்சிகளைப் பார்த்தாள். ஆனால் அதை சென்றாயனிடம் சொல்ல முடியுமா?

சக ஆசிரியர் முருகானந்தம் பைக்கை ஸ்டாண்டு போட்டபடியே குறுக்கே வந்தார். "இன்னைக்கு ஃபைனலுக்கு உட்டா அடுத்த வருசம் செமி ஃபைனலுக்குக் கேப்பீங்க. அப்பறம் டாஸ் போடறதுக்கும் லீவு உடோணும்."

"சாரு மட்டும் செல்லுல பாத்துக்குவீங்களாக்கும்?"

"நான் செம்மேட்டுக்கு மீட்டிங் போறேனுங்க. அங்க பாக்கறது பூராம் எங்க ஆபீசர் மூஞ்சியத்தான்."

மறுபடி சிரிப்பு. கோகிலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மத்தியானமே உட்டுட்டா, கீழ் வளவுப் பிள்ளைங்க சாயங்காலம் பஸ் எடுக்கற வரைக்கும் எங்க இருப்பாங்க?"

"நம்ம கடையிலதானுங்க! டிவி முன்னால!"

"வடையும் உங்க கடையிலயே வாங்கித் திம்பாங்க."

"வியாபாரம்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல டீச்சர்" என்றார் சென்றாயன், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

"முடியாதுங்க. எனக்கு அந்த அதிகாரமும் இல்ல, மனசும் இல்ல."

சென்றாயன் கேட்டைத் தாண்டிப் போனவர் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அதிகாரம் என்னங்க அதிகாரம்? மணி ஒண்ணு அடிச்சாப் போதும். அப்பறம் எந்தப் புள்ள உள்ள நிக்கும்?"

கேலிதான். ஆனாலும் கோகிலா உஷாரானாள். பலாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் பள்ளிக்கூட மணி. அதை அடிக்கும் சுத்தியலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

அந்த மணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது பள்ளிக்கூடத்து மணி மட்டும் அல்ல. சாயங்காலம் நீள மணி கேட்டால் மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து, மண்வெட்டியைத் தோளில் போடுவார்கள். ஆட்டுக்காரர் ஆடுகளைத் திருப்புவார். பலாமரத்தடியில் மினி பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பின் சீட்டில் தூங்கும் டிரைவர் முத்தன் எழுந்து, முகம் கழுவி, வண்டியை எடுப்பார். முத்தன் கடிகாரம் பார்த்து வண்டி எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. மணிதான் அவருக்குக் கடிகாரம்.

இன்னொரு மணியும் உண்டு. அதற்குப் பெயர் கோத்து அடிப்பது. இடைவெளியே விடாமல், பூ கோப்பது போல அடி மேல் அடி. மழைக்காலத்தில் ரோட்டில் பாறை உருண்டாலோ மரம் சாய்ந்தாலோ மட்டும்தான் அப்படி அடிப்பார்கள். அது கேட்டால் வளைவுகளில் இருக்கிற வண்டி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஊர் ஆம்பளைகள் கடப்பாரையோடு ரோட்டுக்கு இறங்க வேண்டும். கோகிலா கேள்விப்பட்டிருந்தாளே தவிர, கேட்டதில்லை.

ரஞ்சிதாவுக்கு அன்றைக்கு மத்தியானம் மட்டும் விடுப்பு. எட்டாம் வகுப்பு. பள்ளத்துக்கு அந்தப்பக்கம் வீடு. தினமும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் அந்தப் பள்ளத்தை இறங்கி ஏறி வகுப்பில் உட்கார்ந்துவிடுவாள், மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் கோகிலா அவளைத் தேர்வுக்கு எழுதிப் போட்டாள். தலைக்குக் குளித்து, பை எடுத்துக்கொண்டு, நீள மணிக்கு பஸ் ஏற வேண்டும். பேளுக்குறிச்சியில் தாய்மாமன் சின்னுசாமி நிற்பார். கட்டட வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் லீவு போட்டு விடிகாலையில் சேலம் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

அவள் அம்மா சென்னம்மாள்தான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். சரி என்று எப்போதோ அரை மனசோடு தலையாட்டிவிட்டாள். அப்புறம் ஒரு வாரமாகக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அங்கெல்லாம் மொளகு ரசம் வெப்பாங்களா டீச்சர்? அவ அது இல்லாம சோறு உங்கமாட்டா."

"வெப்பாங்க, வெப்பாங்க. முட்டை, பாலு, கறி எல்லாம் குடுப்பாங்க."

"ரசம்?"

"கேட்டுச் சொல்றேன் சென்னம்மா."

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. கோகிலா எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கணக்கைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்கள். சென்றாயன் கடையில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது.

அப்போதுதான் அது கேட்டது.

டொங்... டொங்... டொங்...

நீள மணி!

வழக்கமாகக் கணீரென்று விழும் சத்தம், அன்றைக்கு மொத்தையாக, தொண்டை கட்டின மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கு அந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு? ஒரே கூச்சல். பெஞ்சு நகர்ந்தது, பை பறந்தது, வாசல் அடைத்துத் திறந்தது. கோகிலா "உக்காருங்க!" என்று சொன்னது காலி வகுப்பறைக்குத்தான் கேட்டது.

வெளியே ஓடினாள். பலாமரத்தடியில் ஒருவரும் இல்லை. தண்டவாளம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது.

சென்றாயன்! வேறு யாராக இருக்க முடியும்?

பஸ் நின்ற இடத்தில் புழுதி. கீழ் வளவுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முத்தன் கிளம்பியே விட்டார். தூரத்தில் மரவள்ளிக் காட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, வெயிலைப் பார்த்து, சந்தேகப்பட்டு, ஆனாலும் வரப்பேறினார்கள். ஆடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. உச்சி வெயிலில் ஒரு மலையே சாயங்காலத்துக்குக் கிளம்பிவிட்டது.

சமையல் கொட்டாயிலிருந்து சென்னம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பஸ்ஸு போயிருச்சாட்ட இருக்குதுங்க டீச்சர்."

"ரஞ்சிதா?"

"ஊட்டுல இருப்பாளுங்க. தல துவட்டிட்டு." கீழே பார்த்துச் சொன்னாள். "போனாப் போகட்டுமுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் வயசு தாண்டிருவா சென்னம்மா! இந்த ஒரு வாட்டிதான்!"

சென்னம்மாள் கொட்டாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முத்தன் நம்பருக்கு போன் போட்டாள் கோகிலா. தொடர்பு எல்லைக்கு வெளியே. வளைவுகளுக்குள் போன வண்டிக்கு எந்த டவரும் கிடையாது. முருகானந்தத்தின் பைக் செம்மேட்டில். அந்த நேரத்தில்தான் ஈரத் தலையும் தோளில் பையுமாகப் பள்ளத்திலிருந்து ரஞ்சிதா ஏறி வந்தாள். மணி கேட்டுப் பதறி ஓடி வந்திருக்கிறாள். புழுதியைப் பார்த்தாள். முகம் சின்னதாகிப் போனது.

கோகிலா பையைப் பிடுங்கிக்கொண்டாள். "குறுக்குப் பாதை தெரியுமில்ல? எறங்கு!"

ரஞ்சிதா ரோட்டைத் தொட்டபோது பஸ்ஸின் பின்பக்கம் வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

"மாமாஆ! முத்தன் மாமா!"

உள்ளே பிள்ளைகளின் கூச்சல். ஃபைனல் அன்றைக்குச் சீக்கிரம் விட்ட சந்தோஷம். யாருக்குக் கேட்கும்?

கோகிலா வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் ரோட்டு ஓரக் கல்லில் கை ஊன்றி நின்றிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அழவில்லை.

"அடுத்த குறுக்கு?"

"இல்லீங்க டீச்சர். போன மழையில சரிஞ்சு போச்சு."

கீழே இன்னொரு மடிப்பில் மஞ்சள் கூரை தெரிந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம் போல. அவ்வளவு கிட்ட, அவ்வளவு தூரம். கோகிலா பையை இறக்கி வைத்தாள். உள்ளே புது ஷூ ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. அவளே ராசிபுரத்தில் வாங்கி வந்தது.

"டீச்சர், விடுங்க. பரவால்லீங்க."

பரவாயில்லையா? கோகிலாவுக்குக் கோபம் வந்தது. மணி அடித்த ஆள் மேல், டிவி மேல், இப்போதுதான் ஆரம்பித்திருக்கும் ஒரு ஃபைனல் மேல்.

அப்போது, மேலே, மலை உச்சியில்—

டொங்டொங்டொங்டொங்டொங்டொங்...

இடைவெளியே இல்லை. அடி மேல் அடி. மூச்சு விடாத அடி. எதிர் மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ரஞ்சிதாவின் கண் விரிந்தது.

"கோத்து அடிக்கறாங்க டீச்சர்!"

அதே மொத்தைச் சத்தம். அதே தொண்டைக் கட்டு. கோகிலா தன் இடுப்பைத் தொட்டாள். சாவி அங்கேயேதான் இருந்தது. அப்படியானால் சுத்தியல் டிராயருக்குள். அடிப்பது யார்? எதால் அடிக்கிறார்கள்?

யோசிக்க நேரமில்லை. கீழே மஞ்சள் கூரை நின்றுவிட்டது. டிரைவர் பக்கக் கதவு திறந்து, முத்தன் இறங்கி, மேலே அண்ணாந்து, பாறை எங்கே என்று தேடினார்.

"ஓடு!"

இந்த முறை ரோட்டிலேயே ஓடினாள் அந்தப் பெண். சும்மா இல்லை, பறந்தாள். கோகிலா பையோடு வந்து சேர்ந்தபோது முத்தன் தலையில் கை வைத்து நின்றிருந்தார்.

"ஏஞ்சாமி, பாற உருண்டுதா, மரம் உளுந்துதா?"

"ரெண்டும் இல்ல மாமா. நான்தான் பஸ்ஸ உட்டுட்டேன்."

"ஒன்னைய ஏத்தோணும்னு சொல்லி வெச்சிருந்தாங்களே! மணி அடிச்சுதா, பஸ்ஸுல கூட்டத்தப் பாத்ததும் நீயும் ஏறிட்டேன்னு நெனச்சுப்போட்டேன்." கோகிலாவைப் பார்த்துக் குரலை இறக்கினார். "டீச்சர், நெசமாலுமே ஃபைனலுக்கு உட்டுட்டீங்களா? நானும் கீழ போயி பாத்தர்லாம்னு ஒரு ஆச வந்துருச்சுங்க. பொய் சொல்லக்கூடாது."

"நான் உடலீங்க."

"அப்பறம் ஆரு உட்டாங்க?"

அதுதான் கேள்வி. ரஞ்சிதா படியேறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். "டீச்சர், அம்மாகிட்டச் சொல்லீருங்க" என்று கத்தினாள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

கோகிலா திரும்பினால், ரோடு முழுக்க ஆட்கள். கடப்பாரை, மண்வெட்டி, கயிறு. மூச்சிரைக்க முன்னால் வந்தவர் சென்றாயன். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் ஊரிலேயே நீளமான கடப்பாரை.

"எங்கீங்க பாற?"

"பாறை இல்லீங்க. ரஞ்சிதா பஸ்ஸ உட்டுட்டா. ஏத்தி அனுப்பியாச்சு."

சென்றாயன் கடப்பாரையைக் கீழே ஊன்றினார்.

"மொத ஓவருங்க டீச்சர்" என்றார் அழுகிற குரலில். "மொத ஓவரு. நம்மாளு ஓடி வாரான். கையத் தூக்கறான். அப்ப கோத்து அடிக்கறாங்க! டிவிய அப்படியே உட்டுட்டு வந்தோமுங்க, அத்தன பேரும். விக்கெட்டு உளுந்துதா இல்லயான்னுகூடத் தெரியலீங்க."

"நீங்க மொதல்ல மணி அடிச்சதாலதான இத்தனையும்?"

"நானா!" கடப்பாரையே கீழே விழுந்தது. "சாமி சத்தியமா இல்லீங்க. மணி அடிக்கறப்ப நான் கூரமேல டிஷ்ஷத் திருப்பிட்டிருந்தேன். கீழ இவனுங்க 'இன்னும் கொஞ்சம் எடதுபக்கம், எடதுபக்கம்'னு உசுர வாங்கீட்டிருந்தானுங்க. கேளுங்க!"

பின்னால் நாலைந்து தலை ஆடியது. "ஆமாங்க டீச்சர். அப்பவும் படம் சரியா வரல."

"வாயில சொன்னனுங்க, இல்லீங்கல. கையில செய்யலீங்க." கடப்பாரையை எடுத்துத் துடைத்தார். மேலே ஏற ஆரம்பித்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஆனா டீச்சர், ஒண்ணு ஒத்துக்கறேன். அந்த மணிய முன்னக் கூட்டி அடிச்சா பள்ளிக்கோடம் மட்டும் உடறதில்லீங்க. எங்க ஊட்டுக்காரி காட்டுல இருந்து வந்து 'சோறு எங்க'ங்கறா. அடுத்த ஃபைனலுக்கு மணி வேண்டாமுங்க. வாயாலயே உட்டுருங்க."

"அடுத்த ஃபைனலுக்கும் வரீங்களா?"

"வராம?"

கோகிலா சிரித்துவிட்டாள். இந்த முறை அடக்கவில்லை.

பள்ளிக்கூடம் வெறிச்சென்று கிடந்தது. தண்டவாளம் ஆட்டம் நின்று, சாதுவாகத் தொங்கியது. அதன் ஓரத்தில் புதுசாகச் சில கீறல்கள், வெள்ளையாக. கிட்டப் போய்த் தொட்டாள். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. முகர்ந்தாள்.

சாம்பார்.

சமையல் கொட்டாய்க்குப் பின்பக்கம் போனாள். அங்கே நின்றால் குறுக்குப் பாதை இறங்கும் சரிவு முழுவதும் தெரியும், கீழே பஸ் நின்ற வளைவு வரைக்கும். சென்னம்மாள் அங்கேதான் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கை ஓடவில்லை. கண் அந்த வளைவிலேயே இருந்தது. மடியில், அண்டாவைக் கிளறும் நீளக் கை இரும்புக் கரண்டி. அதன் காம்பு நடுவில் கோணி, ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது.

கோகிலா படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஏறிட்டாளுங்களா?"

"ஏறிட்டா. ஜன்னலோரம்."

சென்னம்மாள் தலையாட்டினாள். சென்றாயன் கடையிலிருந்து பெரிய கூச்சல் ஒன்று எழுந்து அடங்கியது. நாலோ ஆறோ.

"அவ ஓடி நான் பாத்ததே இல்லீங்க டீச்சர்" என்றாள். "எப்பவும் இந்த அண்டா முன்னாலயே நின்னுட்டனுங்க. இன்னைக்குத்தான் இங்கிருந்து பாத்தேன். உளுந்தா, எந்திரிச்சா, மறுக்காவும் ஓடறா..."

கரண்டியை எடுத்து, வளைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"மொதத் தடவ அடிச்சப்ப இது வளையலீங்க. ரெண்டாந்தடவதான் வளஞ்சுது."